அக்காவின் தகுதித் தேர்வு

அக்கா முதல் முறை தோற்றதை அம்மாவிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை. அம்மா இணையத்தில் நாடகம் மட்டும்தான் பார்ப்பார் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டேன். "எழுதிக்கோ. எந்த யூனிவர்சிட்டின்னு மட்டும் போடாத" என்றாள்.

அக்கா அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் குற்றவியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். 2021-இல் போனாள். தாமானில் யாராவது கேட்டால் அம்மா, "போலீஸ் வேலைக்குப் பெரிய படிப்பு" என்பார். நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து, கூலிமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். முனைவர் பட்டம் என்றால் நாலைந்து வருடம் ஆய்வு செய்து, தடியாக ஒரு புத்தகம் எழுதிக் கொடுப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே பெரும்பாலும் ஆய்வு முன்மொழிவை ஒரு குழுவின் முன்னால் நின்று தற்காத்தால் ஆய்வைத் தொடங்கிவிடலாம். நடுவில் ஒரு பரீட்சை இருப்பதும், அதில் ஆளையே வெளியே அனுப்புவார்கள் என்பதும் அக்கா சொல்லித்தான் தெரியும்.

அங்கே முதல் இரண்டு ஆண்டுகள் வகுப்புப் பாடங்கள். அது முடிந்ததும் தகுதித் தேர்வு. மாணவர்கள் சுருக்கமாகக் 'காம்ப்ஸ்' என்கிறார்கள். முறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். சில இடங்களில் கேள்விகளை வீட்டுக்குக் கொடுத்துச் சில நாள் அவகாசம் தருவார்கள். சில இடங்களில் தேர்வையே எடுத்துவிட்டு, ஆய்விதழில் வெளியிடும் தரத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். அக்காவின் துறையில் பழைய முறைதான். இரண்டு நாள். ஒரு நாள் கோட்பாடு, இன்னொரு நாள் ஆய்வுமுறையும் புள்ளியியலும். நாளுக்கு எட்டு மணி நேரம். இணையம் துண்டித்த கணினி. கையில் துண்டுத்தாள்கூட இருக்கக்கூடாது. பெயருக்குப் பதில் ஓர் எண். யாருடைய தாள் என்று தெரியாமல் மூன்று பேராசிரியர்கள் திருத்துவார்கள். தேர்ச்சி அல்லது தோல்வி, அவ்வளவுதான். தோற்றால் இன்னொரு முறை எழுதலாம். அதிலும் தோற்றால் கையில் முதுகலைப் பட்டத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். உதவித்தொகை அந்தப் படிப்போடு கட்டியது. மாணவர் விசாவும் அப்படியே. ஒரு பரீட்சைத் தாளில் அக்காவின் வீட்டு வாடகை, விமான டிக்கெட், அம்மா தாமானில் சொல்லிக்கொண்டிருக்கும் கதை எல்லாம் இருந்தது.

2023 ஆகஸ்டில் முதல் தேர்வு. அதற்கு முந்தைய மாதங்களில் எனக்கு இரவு ஷிஃப்ட். எனக்கு விடிகாலை மூன்று மணி என்றால் அவளுக்கு மதியம் மூன்று. இயந்திரம் எதுவும் கெடாத இரவுகளில் கேன்டீனில் உட்கார்ந்து, தே ஓ ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அவளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்தேன் என்பது பெரிய வார்த்தை. அவளுக்குத் தெரிந்ததைத் தொழிற்சாலைக் கதையாக மாற்றிக் கொடுத்தேன்.

உதாரணத்துக்கு, குற்றங்களை எண்ணுவது. ஆயிரம் பையன்களை எடுத்துக்கொண்டால் பெரும்பாலானவர்களின் எண்ணிக்கை பூஜ்யம். சிலருக்கு ஒன்று. மிகச் சிலருக்கு இருபது, முப்பது. 1945-இல் பிறந்து பிலடெல்பியாவில் வளர்ந்த 9,945 பையன்களின் பதிவுகளை மார்வின் வுல்ஃப்காங் குழு ஆராய்ந்து 1972-இல் ஒரு நூல் வெளியிட்டது. அதில் சுமார் 6 சதவீதம் பேர் மட்டுமே பதிவான குற்றங்களில் பாதிக்கு மேல் செய்திருந்தார்கள். இப்படிப்பட்ட எண்களைச் சாதாரணக் கோட்டுச் சமன்பாட்டுக்குள் திணித்தால் விடை தப்பும். எங்கள் தொழிற்சாலையிலும் இதே கதைதான். பெரும்பாலான சர்க்கியூட் பலகைகளில் குறையே இருக்காது. சில பலகைகளில் குறை குவிந்து கிடக்கும். பாய்சான் பரவல், அது போதாவிட்டால் எதிர்மறை ஈருறுப்புப் பரவல். எனக்குப் பழகிய சாமான்.

இன்னொரு நாள் அவள் கேட்டாள், "பதிவாகாத குற்றத்தை எப்படிடா விளக்குவ?"

நான் மூன்றாவது லைனைப் பற்றிச் சொன்னேன். அந்த லைனில் புதிதாக ஒரு சோதனைக் கேமரா பொருத்தினோம். அடுத்த வாரமே மூன்றாவது லைனில் குறைகள் இரண்டு மடங்கு. மேலாளர் அந்த லைன் ஆட்களைக் கூப்பிட்டுத் திட்டினார். குறை கூடவில்லை, பார்க்கும் கண்தான் கூடியது என்று புரியவைக்க எனக்கு இரண்டு கூட்டங்கள் ஆயின. மற்ற லைன்களிலும் கேமரா வைத்த பிறகுதான் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு என்று தெரிந்தது.

அக்கா அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இத அப்படியே எழுதப்போறேன்" என்றாள்.

ஆய்வுமுறைத் தாளில் தேறிவிட்டாள். கோட்பாட்டுத் தாளில் தோற்றாள்.

தோற்ற செய்தியோடு அரைப்பக்கக் கருத்து வந்தது. அதை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசிப்பு விரிவாக இருக்கிறது. ஒவ்வொரு கோட்பாட்டையும் சரியாக விவரித்திருக்கிறார். ஆனால் எங்கும் எடைபோடவில்லை, ஒன்றோடு ஒன்றை மோதவிடவில்லை. சாரம் இவ்வளவுதான்.

அக்கா அழவில்லை. "எஸ்பிஎம் சரித்திரப் பேப்பர் மாதிரி எழுதிட்டேன்டா" என்றாள்.

எனக்கு உடனே புரிந்தது. நாங்கள் இருவரும் அப்படித்தான் ஏ வாங்கினோம். காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து, முடிவுரை. ஆசிரியர் கொடுத்த குறிப்பைக் குறையாமல் திருப்பிக் கொடுத்தால் முழு மதிப்பெண். பல்கலைக்கழகத்திலும் நான் அதை வைத்தே நாலு வருடத்தை ஓட்டினேன். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களும் கட்டுரைகளும் கொண்ட வாசிப்புப் பட்டியலை அக்கா அப்படித்தான் விழுங்கியிருந்தாள். பெக்காரியா 1764, லொம்ப்ரோசோ 1876, மெர்ட்டன் 1938, ஹிர்ஷி 1969. எந்த இரவில் எழுப்பிக் கேட்டாலும் ஆண்டோடு சொல்வாள். ஆனால் அந்தத் தேர்வு கேட்பது வேறு. சதர்லாண்ட் சொன்னார், குற்றம் பழகிக்கொள்வது. நெருங்கியவர்களிடமிருந்து முறையையும் நியாயத்தையும் சேர்த்தே கற்கிறோம் என்று. ஹிர்ஷி கேள்வியையே திருப்பிப் போட்டார். மனிதன் ஏன் குற்றம் செய்கிறான் என்று கேட்காதே, ஏன் செய்யாமல் இருக்கிறான் என்று கேள். குடும்பம், பள்ளி, நம்பிக்கை என்ற கட்டுகள் அவனைப் பிடித்து வைத்திருக்கின்றன என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியுமா? முடியாதென்றால் எந்த ஆதாரம் யாரைத் தோற்கடிக்கும்? இதற்கு எட்டு மணி நேரத்துக்குள் நிலைப்பாடு எடுக்க வேண்டும். எடுத்த நிலைப்பாட்டின் ஓட்டையையும் தானே காட்ட வேண்டும்.

இரண்டாவது வாய்ப்பு 2024 ஜனவரியில். இந்த முறை எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. கேள்வி கேட்பதுதான் என் வேலை. ஒரு இரவு எனக்குத் தோன்றியதைக் கேட்டேன்.

"மச்சானை எடுத்துக்கோ. அவன் ஏன் அப்படி ஆனான்? எல்லாக் கோட்பாட்டையும் வச்சு எழுது."

மச்சான் என்றால் எங்கள் தாய்மாமன் மகன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். கெடாவில் தோட்டத்தை விட்டு வெளியேறிய பிறகு மாமா குடும்பமும் நாங்களும் ஒரே மலிவு விலை பிளாட்டில் வேறு வேறு மாடியில் இருந்தோம். பள்ளி முடிந்தால் நான் அவன் வீட்டில், இல்லாவிட்டால் அவன் எங்கள் வீட்டில். அவனுக்குப் படிப்பு சுமார். உறுமி நன்றாக வாசிப்பான். பதினைந்து வயதிலேயே ஒரு குழுவோடு கோயில் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் போவான்.

2013-இல் நாட்டில் துப்பாக்கிச் சூடுகள் அடிக்கடி செய்தியான சமயம். போலீஸ் பெரிய நடவடிக்கை ஒன்றைத் தொடங்கியது. ஆகஸ்டு இறுதியில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. இனவாரியான எண்ணிக்கையும் வந்தது. நான் ஐந்தாம் படிவம். பள்ளியில் எங்களைப் பார்க்கும் பார்வை அந்த வாரத்தில் மாறியது எனக்கு நினைவிருக்கிறது. அதே சமயத்தில்தான் எங்கள் பிளாட்டுக்குப் பக்கத்தில் ஒருவரின் சவ ஊர்வலம் நடந்தது. அதில் கும்பல் கொடி பிடித்தார்கள். மச்சான் உறுமி வாசித்தான். யாரோ எடுத்த படத்தில் கொடிக்கு நேர் கீழே அவன். பதினொரு நாள் லோக்காப்பில் இருந்தான். குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் வெளியே விட்டார்கள்.

அவன் திரும்பி வந்த அன்று அம்மா என்னிடம், "எஸ்பிஎம் முடியற வரைக்கும் அங்க போகாத" என்றார். எஸ்பிஎம் முடிந்தது. நான் போகவில்லை. 2016-இல் அவன் இரண்டாம் முறை பிடிபட்டான், போதைப்பொருள் வழக்கில். இந்த முறை தவறு உண்மை. அன்று நான் பல்கலைக்கழக விடுதியில் இருந்து அவன் எண்ணை முடக்கினேன். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று அம்மா சொன்னதை நானும் நம்பினேன்.

அக்கா எழுதி அனுப்பியது பதினாறு பக்கம். இரவு ஷிஃப்டில் கைப்பேசியில் வாசித்தேன்.

முதலில் மெர்ட்டன். சமூகம் எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டுகிறது, வழியை மட்டும் சிலருக்குத்தான் திறக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே பிளாட்டில், அதே வருமானத்தில் இருந்த தம்பி பொறியாளர் ஆனான், அதை மெர்ட்டனால் விளக்க முடியாது என்று அக்கா எழுதியிருந்தாள். தம்பி என்றால் நான். அடுத்து 1990-இல் காட்ஃபிரட்சனும் ஹிர்ஷியும் எழுதியது. எட்டு, பத்து வயதுக்குள் தன்னடக்கம் உருவாகிவிடும், பிறகு ஆள் பெரிதாக மாறுவதில்லை. தினமும் மூன்று மணி நேரம் ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகிய பையனுக்கு எந்த அளவுகோலில் தன்னடக்கம் இல்லை என்று சொல்வது? அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள், 'ஓர் உதாரணம் கோட்பாட்டை வீழ்த்தாது' என்றும் எழுதியிருந்தாள்.

பிறகு பெக்கர். 1963. முத்திரை குத்தப்பட்டவன் அந்த முத்திரைக்கு ஏற்றவன் ஆகிறான். இதைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். போலீஸ்தான் அவனைக் கெடுத்தது, முடிந்தது கதை. அக்கா அங்கே நிற்கவில்லை. தென் லண்டனில் 411 பையன்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், தண்டிக்கப்பட்டவர்களின் குற்றச்செயல் அதற்குப் பிறகு கூடியதை ஃபேரிங்டன் 1977-இல் காட்டினார். ஆனால் பிடிபட்டவர்களும் பிடிபடாதவர்களும் முதலிலேயே ஒரே மாதிரி இருந்தார்களா என்ற கேள்வியை இத்தகைய எந்த ஆய்வும் தாண்டித்தான் வர வேண்டும் என்று எழுதியிருந்தாள். நான் போனில், "போலீஸை விட்டுக்கொடுக்கிறியா?" என்று கோபப்பட்டேன். "நமக்குப் பிடிச்ச கோட்பாட்டத்தான்டா ரொம்பக் கடுமையா சோதிக்கணும். அதச் செய்யாமதான் போன தடவ தோத்தேன்" என்றாள்.

கடைசியில் சாம்ப்சனும் லாபும். பாஸ்டனைச் சேர்ந்த 500 குற்றவாளிச் சிறுவர்களையும் 500 மற்ற சிறுவர்களையும் பற்றி குளூக் தம்பதியர் திரட்டிய பழைய பதிவுகள், ஹார்வர்ட் சட்டக் கல்லூரி நூலகத்தின் அடித்தளத்தில் பெட்டிகளில் கிடந்தன. இவர்கள் அதை எடுத்து மறுபடி ஆராய்ந்தார்கள். 1993-இல் நூல் வந்தது. பிறகு அந்தக் குற்றவாளிச் சிறுவர்களில் 52 பேரைக் கிழவர்களாகத் தேடிப் பிடித்துப் பேட்டியும் எடுத்தார்கள். அவர்கள் சொல்வது, வாழ்க்கை எந்த வயதிலும் திரும்பக்கூடும். நிலையான வேலை, நல்ல திருமணம், ராணுவச் சேவை போன்றவை ஆளைத் திருப்பிவிடுகின்றன. அதுபோலவே, சிறையும் பதிவும் வேலையையும் உறவையும் அறுத்து, ஆளை அதே பாதையில் தள்ளிக்கொண்டே போகின்றன.

அந்தப் பத்தியில் அக்கா ஒரு வரி எழுதியிருந்தாள். 'இந்த நேர்வில் கட்டுகளை அறுத்தது அரசு மட்டுமல்ல. முதலில் அறுத்தது தந்தைவழி உறவினர்கள்.'

பரீட்சை நடை. எங்கள் பெயர் எதுவும் இல்லை. நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு லைனைப் பார்க்கப் போனேன்.

அந்த வாசிப்புப் பட்டியலில் என்னை உட்கார வைத்தது இன்னொரு நூலும் உண்டு. ஷாவும் மெக்கேயும் 1942-இல் எழுதியது. சிக்காகோவில் சில வட்டாரங்களில் சிறார் குற்றம் எப்போதும் அதிகம். அங்கே முதலில் ஜெர்மானியர்கள், ஐரிஷ்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் போய் இத்தாலியர்களும் போலந்துக்காரர்களும் வந்தார்கள். ஆட்கள் மாறினார்கள், அந்த வட்டாரங்களின் இடம் மட்டும் பட்டியலின் மேலேயே இருந்தது. வெளியேறிய குழுக்களின் குற்ற அளவு போன இடத்தில் குறைந்தது. இனத்தில் தேடியது இடத்தில் இருந்தது. 2013-இல் ஐந்தாம் படிவ வகுப்பில் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் இதையும் அக்கா அப்படியே விடவில்லை. சிக்காகோ, பாஸ்டன், பிலடெல்பியா, தென் லண்டன் என்று வைத்துக் கட்டிய கோட்பாடு, தோட்டம் கலைந்து பிளாட்டுக்கு வந்த மக்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும் என்றாள். பட்டியலில் நம் பக்கத்து ஆள் யாருமில்லையா என்று கேட்டேன். இல்லை. ஊழலின் சமூகவியல் பற்றி 1968-லேயே நூல் எழுதிய சையத் உசேன் அலாத்தாஸைத் தன் பதிலில் தானாகவே சேர்க்கப்போவதாகச் சொன்னாள். பட்டியலுக்கு வெளியே போனால் ஆபத்தில்லையா என்றேன். "எடைபோடச் சொன்னாங்கல்ல?" என்றாள்.

ஜனவரியில் எழுதினாள். அந்த மாதத்தில் நேர வித்தியாசம் பதின்மூன்று மணி. அவள் அறைக்குள் போகும்போது எனக்கு இரவு பத்து. அடுத்த எட்டு மணி நேரமும் நான் லைனில் இருந்தேன். வேலை ஓடியதா என்று கேட்காதீர்கள். சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. அவளுடைய எண்ணுக்கு நேரே ஒரே ஒரு சொல். தேர்ச்சி. இனி ஆய்வேட்டை எழுதலாம். அம்மாவிடம், "அக்கா ஒரு டெஸ்ட் பாஸ் பண்ணிட்டா" என்று மட்டும் சொன்னேன். "அவ எதுலடா பெயிலாயிருக்கா?" என்றார்.

அன்று இரவு அக்கா ஒன்றைச் சொன்னாள். அங்கே மனிதர்களை வைத்து ஆய்வு செய்ய வேண்டுமானால் முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். சம்பந்தப்பட்டவருக்கு விளக்கிச் சொல்லி, அவர் ஒப்புதலை வாங்க வேண்டும். "நாம மச்சான்கிட்ட கேக்கவே இல்லடா. பத்து வருசமா பேசாம, அவன வச்சுப் பரீட்சைக்குப் படிச்சிருக்கோம்." பயிற்சிக்குத்தானே என்றேன். எனக்கே அது சரியாகப் படவில்லை. கேள்வியைக் கொடுத்தவன் நான்.

சுங்கை பட்டாணிக்கு வெளியே ஒரு டயர் கடையில் அவன் வேலை செய்வதாக மாமா ஒருமுறை சொல்லியிருந்தார். ஒரு சனிக்கிழமை போனேன். என்னைப் பார்த்ததும் ஜாக்கியைக் கீழே வைத்தான். கல்யாணமாகி நான்கு வருடம், ஒரு பெண் குழந்தை, இப்போதும் கோயில் திருவிழாவுக்கு உறுமி வாசிக்கிறான். சாவு வீட்டுக்குப் போவதில்லை. இதையெல்லாம் சாம்ப்சன், லாப் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டே கேட்டேன் என்பதை மறைக்கவில்லை. அந்தப் பழக்கம் இவ்வளவு சீக்கிரம் தொற்றும் என்று நினைக்கவில்லை.

பிறகு சொன்னேன். அக்காவின் பரீட்சை, அவனைக் கேள்வியாக வைத்தது, பதினாறு பக்கம், எல்லாம். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. "உன் நம்பரை நான் பிளாக் பண்ணியிருந்தேன்" என்று மட்டும் வந்தது.

"தெரியும்" என்றான். துணியில் கையைத் துடைத்தான். "எத்தன மார்க்கு?"

"மார்க் கிடையாது. பாஸ், பெயில்தான். பாஸ்."

"அப்ப நான் ஏன் அப்படி ஆனேன்னு உங்கக்கா கண்டுபிடிச்சிட்டா?"

"இல்ல. நாலஞ்சு பதில் இருக்கு. ஒண்ணும் முழுசா சரியில்லன்னு எழுதித்தான் பாஸாயிருக்கா."

அவன் சிரித்தான். உண்மையான சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. என் காரைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தான். "முன்னாடி ரெண்டும் மொட்ட. இதுலயா ஹைவேல வந்த? ஒக்காரு, அர மணி நேரம் ஆவும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி எனக்கு ஒரு தே தாரே சொன்னான்.